மடிப்புக்குள் இருந்த செருப்பு

குண்டசாலை வீட்டின் முன்னறைச் சுவரிலிருந்து சதா சகாய மாதா படத்தைக் கழற்றியது போன மாரியில்தான். சுவரில் ஓதம் ஏறி, கண்ணாடிக்கு உட்புறம் பூஞ்சணம் பிடித்திருந்தது. மாதாவின் கன்னத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "முகம் மறையிறதுக்குள்ள கொண்டுபோய்க் கண்ணாடி மாத்திட்டு வா" என்றார். பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன்.

பிரேம் கடை நானா படத்தைக் குப்புறப் போட்டு, துருவேறிய ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். பின்பலகை, தேயிலைப் பெட்டியிலிருந்து அறுத்தெடுத்த மெல்லிய பலகை. கறுப்பு மையில் அடித்த எழுத்துகளில் பாதி அதில் இன்னும் ஒட்டியிருந்தது. பலகையைத் தூக்கிய நானா சற்று நின்றார். "தம்பி, படத்த மடிச்சு வச்சிருக்கு" என்றார். தாளின் கீழ்ப்பகுதி ஐந்து விரல் அகலத்துக்குப் பின்பக்கமாக மடிந்து கிடந்தது. படத்துக்குச் சட்டம் போட்டவர் அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாயி. அவருக்குக் கிடைத்த சட்டம் சிறியது போலும். மாதா படத்தில் கத்தரி வைக்க மனம் வராமல் மடித்திருக்கிறார்.

நானா மெல்ல, தாள் நொறுங்கிவிடாமல், மடிப்பை நிமிர்த்தினார். மேலே அறுபது வருட விளக்குப் புகையில் பழுத்திருந்த படம், மடிப்புக்குக் கீழே நேற்று அச்சானதுபோல் இருந்தது. அங்கே பாலன் இயேசுவின் இரண்டு கால்கள். ஒரு காலில் செருப்பு ஒழுங்காக இருந்தது. மற்றக் காலின் செருப்பு கழன்று, ஒற்றை வாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

தினமும் மாலையில் அந்தப் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்ன வீடு எங்களுடையது. அந்தச் செருப்பை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. கோவில்களில் இதே படம் உயரத்தில், பூச்சரங்களுக்குப் பின்னால் இருக்கும். வீட்டுப் படத்தில் இல்லாததை அங்கே போய்த் தேடவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. பிள்ளை தலையைத் திருப்பி எதையோ பார்க்கிறது, மேலே இரண்டு சம்மனசுகள் நிற்கிறார்கள், மாதா நம்மைப் பார்க்கிறார் என்பதோடு என் கண் நின்றுவிட்டது. அந்தச் செருப்பைப் பார்த்த பிறகுதான் இந்தப் படம் எங்கிருந்து கிளம்பி எப்படி எங்கள் சுவருக்கு வந்து சேர்ந்தது என்று தேடத் தொடங்கினேன்.

மூலப்படம் இன்று உரோமையில், மெருலானா வீதியிலுள்ள புனித அல்போன்ஸ் ஆலயத்தின் பீடத்துக்கு மேலே இருக்கிறது. மரப்பலகையில், பொன்பூசிய தளத்தின்மேல் வரைந்தது. உயரம் ஏறத்தாழ 54 செ.மீ., அகலம் 41 செ.மீ. ஒருவர் நெஞ்சோடு அணைத்து எடுத்துச் செல்லக்கூடிய அளவுதான். இது பட்ட பாட்டையெல்லாம் படிக்கும்போது இந்த அளவை மறக்கக்கூடாது. பெரிய படமாக இருந்திருந்தால் திருடியும் இருக்க முடியாது, காப்பாற்றியும் இருக்க முடியாது.

மாதா கருநீல முக்காடு போட்டிருக்கிறார். நெற்றியில் ஒரு நட்சத்திரம். இடது கையில் பாலன் உட்கார்ந்திருக்கிறார். மாதாவின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மேலே இரண்டு அதிதூதர்கள். மிக்கேல் ஈட்டியையும் கடற்பஞ்சையும் காடிப் பாத்திரத்தையும் ஏந்தியிருக்கிறார். கபிரியேல் கையில் சிலுவையும் ஆணிகளும். கைகளைத் துணியால் மூடிக்கொண்டுதான் இருவரும் அவற்றைத் தாங்குகிறார்கள். திருப்பண்டத்தை வெறுங்கையால் தொடாத மரியாதை அது. ஆளுக்கு ஆள் பக்கத்தில் கிரேக்க எழுத்துகளின் சுருக்கம். மாதாவுக்கு நேரே உள்ளதற்கு ‘இறைவனின் தாய்’ என்று பொருள். சின்ன வயதில் அதை இலத்தீன் மந்திரம் என்று நினைத்து, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது, தான் படப்போகும் பாடுகளின் கருவிகளைக் கண்டது, பயந்து தாயிடம் ஓடியது, ஓடிய வேகத்தில் செருப்பு கழன்றது. இந்தப் படத்துக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். ஓவியன் பிடித்திருப்பது தாயின் கைக்கு வந்து சேர்ந்த அடுத்த நொடியை. உடல் தாயிடம் வந்துவிட்டது, தலை இன்னும் பயந்த பக்கமே திரும்பியிருக்கிறது. பிள்ளையின் இரண்டு கைகளும் தாயின் வலது கைக்குள் கிடக்கின்றன. அந்தக் கையைக் கவனித்தால், அது பிள்ளையின் கைகளை இறுகப் பிடிக்கவில்லை, ஏந்தி மட்டும் இருக்கிறது. மாதாவின் கண்களோ பிள்ளையிடத்திலும் இல்லை, சிலுவையிடத்திலும் இல்லை. எதிரே நிற்பவரைப் பார்க்கின்றன.

இந்த அமைப்பு ஒரே ஓவியனின் தனிக் கற்பனை அன்று. சைப்பிரஸ் தீவின் லகுதெரா என்ற மலைக்கிராமக் கோவிலில், 1192இல் தீட்டிய சுவரோவியத்திலேயே மாதாவும் பிள்ளையும் இருக்க, இரு தூதர்கள் பாடுகளின் கருவிகளோடு வருகிறார்கள். கிரேக்கர் இந்த வகைக்குப் பாடுகளின் அன்னை என்று பெயர் வைத்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் இதைப் பரவலாக்கியவர்கள் கிரேத்தா தீவின் ஓவியர்கள். அவர்களில் அந்திரேயாஸ் ரிட்சோஸ் என்பவர் இதே அமைப்பைத் திரும்பத் திரும்ப வரைந்து கையெழுத்திட்டிருக்கிறார். நம் படத்தில் கையெழுத்து இல்லை.

கிரேத்தா அப்போது வெனிஸ்காரரின் ஆட்சியில் இருந்தது. 1453இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் துருக்கியர் கையில் விழுந்தபின் கிரேக்க ஓவியக் கலைக்கு இந்தத் தீவே பெரிய புகலிடம். தலைநகரான கந்தியாவில் ஓவியர் பட்டறைகள் தெருத்தெருவாக இருந்தன. 1499ஆம் ஆண்டின் ஒப்பந்தப் பத்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது. இரண்டு வியாபாரிகள் மூன்று ஓவியரிடம் 700 மாதா படங்கள் கேட்கிறார்கள். 500 படங்கள் இலத்தீன் பாணியில், 200 கிரேக்கப் பாணியில். தவணை ஒன்றரை மாதம். இதைப் படித்தபோது முதலில் எனக்கு மனம் கசந்தது. பக்தியோடு நோன்பிருந்து ஒருவர் வரைந்த படம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறகு யோசித்தேன். எழுநூறு படங்கள் என்றால் எழுநூறு வீடுகள். கப்பலோட்டி வீடும், துணி வியாபாரி வீடும், விதவை வீடும் அதில் இருக்கும். அவர்களுக்கும் சுவரில் ஒரு மாதா வேண்டியிருந்தது. அம்மாயி கடையில் பேரம்பேசி வாங்கிய அச்சுப்படத்துக்கும் அந்த எழுநூறுக்கும் உறவு இருக்கிறது. பட்டறைப் பலகையும் அச்சுத் தாளும் ஒரே தேவைக்காகப் பிறந்தவை.

கந்தியாவின் பட்டறைகள் அந்த எழுநூறுக்கு விலை பேசிய அதே 1499இல்தான் உரோமையில் நம் படத்தின் பெயர் ஏட்டில் ஏறுகிறது. அதற்கு முன் நடந்ததைப் படத்தோடு கோவிலில் வைத்திருந்த பழைய ஏடு ஒன்று கதையாகச் சொல்லியது. கிரேத்தாவைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் ஒரு கோவிலிலிருந்து படத்தைத் திருடிக் கப்பலேறுகிறார். நடுக்கடலில் புயல். தப்பி இத்தாலிக் கரை சேர்ந்து, பின்னர் உரோமைக்கு வந்து நோயில் விழுகிறார். சாகும் தறுவாயில் நண்பரைக் கூப்பிட்டு, மூட்டையில் இருக்கும் படத்தை ஏதாவதொரு கோவிலில் சேர்த்துவிடும்படி கெஞ்சுகிறார். நண்பரும் வாக்குக் கொடுக்கிறார். ஆனால் படத்தைப் பார்த்த அவர் மனைவிக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. தன் படுக்கையறையில் மாட்டிக்கொள்கிறாள்.

கதை சொல்பவர்கள் இந்தப் பெண்ணைப் பேராசைக்காரி என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அவளிடத்தில் நிற்கத் தோன்றுகிறது. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய உரோமையில் ஒரு சாதாரண வீட்டின் அறையில், சாணளவு சன்னல் வெளிச்சத்தில், பொன்தளம் மினுங்கும் இப்படி ஒரு படம் இருந்தால் காலையில் எழுந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். பயந்து ஓடிவந்த பிள்ளையை ஏந்திய தாயைத் தினமும் பார்த்த அந்த இளம் தாய், அதைப் பெரிய கோவிலின் இருட்டுக்குள் அனுப்ப ஏன் விரும்பவேண்டும்? வீட்டுச் சுவரில் மாதாவை மாட்டிக்கொண்ட கோடிக்கணக்கான பெண்களுக்கு அவள் மூத்தவள். எங்கள் அம்மாயிக்கும் அவள் மூத்தவள்.

மாதா கனவில் தோன்றி நண்பரை மீண்டும் மீண்டும் எச்சரித்ததாகவும், அவர் கேளாமல் இருந்து இறந்ததாகவும் கதை போகிறது. கடைசியில் அந்தச் சிறுமிக்குத் தோன்றி, தன்னைச் சதா சகாய மாதா என்று சொல்லி, மரியன்னைப் பெருங்கோவிலுக்கும் இலாத்தரன் அருளப்பர் பெருங்கோவிலுக்கும் இடையிலுள்ள கோவிலில் தன்னை வைக்கச் சொல்கிறார். பெயர் ஒரு சிறுபிள்ளையின் வாய்வழியாக வந்தது. 1499 மார்ச் 27ஆம் நாள் படம் ஊர்வலமாகப் புனித மத்தேயு கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தது. அகுஸ்தினார் சபைத் துறவிகள் அதைப் பராமரித்தார்கள்.

அடுத்த முந்நூறு வருடமும் படம் இடம்பெயரவில்லை. ஆனால் அந்த முந்நூறு வருடத்தில்தான் நம் பக்கத்தில் வேறொரு கதை நடந்தது.

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களைப் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். படங்களும் சுரூபங்களும் கூரைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் ஒளிந்தன. 1670இல் மாந்தையிலிருந்து குடும்பங்கள் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போயின. அதுவே மடு மாதா. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குருவானவர் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சிறைப்பட்டார். அதே நகரத்தில்தான் பிறகு மன்னனின் அனுமதியோடு கோவில் கட்டினார், 1697இல் அம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளிகளைக் கழுவித் துடைத்துப் பார்த்தார், 1711 ஜனவரி 16 அன்று கண்ணை மூடினார். கத்தோலிக்கரைக் கிறிஸ்தவ ஒல்லாந்தர் விரட்டிய காலத்தில் அடைக்கலம் கொடுத்தது பௌத்த மன்னரின் கண்டி.

எங்கள் ஊர் இந்த இடத்தில் கதைக்குள் வருகிறது. 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் மகாவலிக் கரையில் குண்டசாலையில் அரண்மனை கட்டிக்கொண்டு இருந்தவர். குண்டசாலைத் தெய்யோ என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். வாஸுக்குப் பின் அந்த மன்னரின் மதிப்பைப் பெற்றவர் கோவாவைச் சேர்ந்த குருவானவர் ஜாக்கோமே கொன்சால்வெஸ். 1705இல் இலங்கைக்கு வந்த அவர் சிங்களத்தையும் தமிழையும் பண்டிதரைப்போல் கற்றார். சிங்களத்தில் ‘துக்பிராப்தி பிரசங்கய’ எழுதினார். தமிழில் ‘வியாகுலப் பிரசங்கம்’ தந்தார். இன்றும் தவக்காலத்தில் மன்னார்ப் பக்கத்திலும் மேற்குக் கரையிலும் அதை இராகத்தோடு வாசிக்கும்போது கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைக் காணலாம். மகனின் பாடுகளைத் தாயின் கண்ணால் பார்க்க வைக்கிற எழுத்து அது.

குண்டசாலை மன்னரின் காலத்தில் எழுந்த அந்தப் புலம்பலும், அதே நேரத்தில் உரோமையில் மத்தேயு கோவிலில் தொங்கிய படமும் ஒன்றையொன்று அறியாதவை. ஆனாலும் இரண்டும் ஒரே பொருளைச் சொல்கின்றன. ஈட்டி, கடற்பஞ்சு, காடி, ஆணி, சிலுவை என்று கொன்சால்வெஸ் காதுக்குக் கொடுத்ததையெல்லாம் கிரேத்தா ஓவியன் இரண்டு தூதரின் கையில் கண்ணுக்கு வைத்திருந்தான். பின்னாளில் அந்தப் படம் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது தமிழர் வீடுகளில் அதற்கு உடனே இடம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அழுகிற தாயை நம் சனத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

மறுபடி உரோமைக்குப் போவோம். 1798இல் நகரத்தைப் பிடித்திருந்த பிரெஞ்சுப் படை பல கோவில்களை இடிக்கச் சொன்னது. அதில் மத்தேயு கோவிலும் ஒன்று. ஜூன் மாதத்தில் அது மண்ணோடு மண்ணானது. துறவிகள் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சில காலம் புனித எவுசேபியு கோவிலில் தங்கி, 1819இல் திபேர் ஆற்றோரமாக இருந்த போஸ்தெருலா மரியன்னை மடத்துக்குப் போனார்கள். அந்தக் கோவிலில் ஏற்கெனவே வேறொரு மாதா படம் பெரிய பீடத்தில் இருந்தது. எனவே நம் படத்தை மடத்தின் உட்கோவிலில் மாட்டினார்கள். வெளியார் வருவதில்லை. பூவும் விளக்கும் இல்லை. முந்நூறு வருடம் கும்பிட்ட ஊரே மறந்துவிட்டது.

மறக்காதவர் ஒருவர் இருந்தார். அகோஸ்தினோ ஒர்செத்தி என்ற துறவிச் சகோதரர். இளமையில் மத்தேயு கோவிலில் வாழ்ந்தவர். இப்போது கிழவர், கண்பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. அந்த மடத்துக் கோவிலில் பூசைக்கு உதவ வந்துபோன சிறுவன் மிக்கேலே மார்க்கி. கிழவர் சிறுவனைப் பிடித்து நிறுத்தி, இந்த மாதா மத்தேயு கோவில் மாதா, அற்புத மாதா, ஒருநாளும் இதை மறந்துவிடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்வாராம். தன்னால் இனிப் பார்க்க முடியாத படத்தைப் பார்க்கும் கண்ணுள்ள ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்தார். 1853இல் ஒர்செத்தி இறந்தார். படத்தின் பயணத்தில் எத்தனையோ பேர் வருகிறார்கள், பாப்பரசர் வருகிறார், படைத்தலைவர் வருகிறார். என் மனம் இந்தக் கிழவரிடத்தில்தான் அதிக நேரம் நிற்கிறது. அவர் செய்தது பேச்சு மட்டுந்தான். அது ஒரு சிறுவனின் காதில் பத்திரமாக இருந்தது.

மார்க்கி வளர்ந்து, 1855இல் இரட்சகர் சபையில் சேர்ந்தார். புனித அல்போன்ஸ் லிகோரி தொடங்கிய சபை அது. அந்தச் சபையார் அந்நேரத்தில் மெருலானா வீதியில் ஒரு காணியை வாங்கிப் புதுக்கோவில் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடிபட்ட மத்தேயு கோவில் நின்ற நிலம் அந்தக் காணிக்குள்ளேயே இருந்தது. பழைய ஏடுகளைப் புரட்டிய சபையார், இங்கே ஒரு புகழ்பெற்ற மாதா படம் இருந்திருக்கிறதே, எங்கே போனது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, மார்க்கி தனக்குத் தெரியும் என்றார். 1863இல் இயேசு சபையைச் சேர்ந்த பிளோசி என்பவர், காணாமற்போன அந்தப் படத்தைப் பற்றிப் பிரசங்கமே செய்தார். சபைத் தலைவர் மௌரோன் ஆதாரங்களைச் சேர்த்துக்கொண்டு 1865 டிசம்பர் 11 அன்று பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரைச் சந்தித்தார். படத்தைப் பழைய இடத்துக்கே கொடுக்கும்படியும், அகுஸ்தினாருக்கு ஈடாக வேறொரு படம் கொடுக்கும்படியும் பாப்பரசர் எழுதிக்கொடுத்தார். 1866 ஜனவரி 19 அன்று மடத்துக்குப் போய்ப் படத்தை வாங்கிவந்தவர்களில் மார்க்கியும் ஒருவர். சிறுவனாக அண்ணாந்து பார்த்த படத்தை அன்று கையில் வாங்கினார்.

ஆணி அறைந்த ஓட்டைகளும் உரிந்த வண்ணமுமாக இருந்த படத்தை லெயோப்போல்ட் நொவோத்னி என்ற போலந்து ஓவியர் செப்பனிட்டார். ஏப்ரல் 26 அன்று ஊர்வலம். அன்றிலிருந்து படத்தின் இடம் மெருலானா வீதிதான். அதை உலகத்துக்கெல்லாம் அறிமுகப்படுத்தும் பொறுப்பைப் பாப்பரசர் சபையாரிடம் கொடுத்தார்.

1867ஆம் ஆண்டை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த ஜூன் 23 அன்று உரோமையில் படத்துக்கு முடிசூட்டினார்கள். நம் வீடுகளிலுள்ள பிரதிகளில் தாய்க்கும் பிள்ளைக்கும் முடி இருப்பது அதனால்தான். அதே ஆண்டு கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிராக நட்டார். முடியும் தேயிலையும் எங்கள் வீட்டுச் சட்டத்தில் ஒன்று சேர்ந்திருந்தன. படத்தில் முடி, அதைத் தாங்கிய பலகையில் தேயிலை.

வண்ணக் கல்லச்சு ஐரோப்பாவில் பெருகிய காலம் அது. பலகையில் எழுநூறு கேட்ட வியாபாரம் தாளில் இலட்சக்கணக்கானது. படம் சட்டைப்பை அளவுக்குச் சிறுத்து, செபப் புத்தகத்துக்குள் நுழைந்தது. 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் இலட்சுமியும் சரஸ்வதியும் இதேபோல் ஏழை வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். பின்னாளில் சிவகாசி அச்சகங்கள் எல்லாச் சாமியையும் ஒரே இயந்திரத்தில் அச்சிட்டன. தோட்டத்து லயங்களில் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் சதா சகாய மாதாவும் அடுத்தடுத்த ஆணியில் தொங்குவதை இன்றும் பார்க்கலாம்.

1920களில் அமெரிக்காவில் வாராந்த நவநாள் வழக்கம் வேரூன்றியது. 1948இல் பம்பாயின் மாஹிம் மிக்கேல் ஆலயத்தில் புதன்கிழமை நவநாள் தொடங்கியது. இன்று அங்கே சாதி சமயம் பாராமல் கூட்டம் நெரிகிறது. புதன்கிழமை என்றால் சகாய மாதா என்று தமிழ்க் கத்தோலிக்கர் மனதில் பதிந்தது இப்படித்தான். அம்மாயிக்கும் அது புதன்கிழமை மாதாதான். அன்று வீட்டில் மீன் இல்லை, மாலையில் ஒரு மெழுகுதிரி கூடுதல்.

வேதப் படங்களை நம் சனத்துக்கு நெருக்கமாக்கக் கண்டியில் இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் டேவிட் பெயின்டர் 1920களின் கடைசியிலிருந்து 1933 வரை சுவரோவியங்கள் தீட்டினார். கண்டிய மண்டபப் பாணியில், கருங்கல் தூண்களோடு எழுந்த ஆலயம் அது. பெயின்டர் பைபிள் மாந்தருக்கு நம் நாட்டு உடலும் நம் நாட்டு வெளிச்சமும் கொடுத்தார். அவற்றில் ஒன்றில் செபதேயுவின் மனைவி தன் இரண்டு மகன்களுக்காக இயேசுவிடம் கேட்க வருகிறாள். நான் குடிக்கும் கிண்ணத்தை இவர்கள் குடிப்பார்களா என்ற கேள்வி பிறந்த இடம் அது. தன் பிள்ளைக்கு வரப்போவது என்னவென்று அறியாத தாய் அவள். எங்கள் வீட்டுப் படத்தில் இருப்பவர் அறிந்த தாய். பெயின்டரின் ஓவியத்தின் முன் நிற்கும்போதெல்லாம் இந்த ஊர்க்காரனாக எனக்குப் பெருமை வரும். ஆனால் நம் சனம் அழும்போது போய் நிற்பது கிரேக்க எழுத்துள்ள அந்த அச்சுப்படத்துக்கு முன்னால். முகம் நம்முடையதாக இருக்கவேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. பிள்ளையை ஏந்திய அந்தக் கையிலேயே நெருக்கத்தைக் கண்டுகொண்டார்கள்.

அம்மாயியின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தவர்கள். கோப்பிக் காலத்தில் அந்தப் பாதையில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. கோப்பி நோயில் அழிந்ததும், தும்பறைப் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்தில் கொக்கோ நட்டார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு வந்தார்கள். கொக்கோக் காய் உடைத்த கை, பிறகு மிளகு பறித்தது. அம்மாயி செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. கோவிலுக்குப் போக ஒரு சோடி வைத்திருந்தார். அதையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, கோவில் வாசல் வரைக்கும் போய், அங்கே போட்டு, உடனே கழற்றிவிட்டு உள்ளே போவார். மடுவுக்கு ஆவணித் திருநாளுக்குப் போனாலும் அதே கதைதான். 2008இல் யுத்தத்தின் நடுவில் மடு மாதாவைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டபோது, வயதான அவர் கேட்டது ஒரே கேள்வி: "யாரு கையில தூக்கிட்டுப் போனாங்க?" சில மாதத்தில் மாதா மடுவுக்குத் திரும்பியதும் அந்த வாரம் முழுவதும் விளக்கை அணைக்க விடவில்லை.

பெரிய சட்டமாகப் போடச் சொன்னேன். நானா பழைய பலகையை எறியப்போனார். அதையே வைக்கும்படி கேட்டு, கீழே இன்னொரு துண்டு ஒட்டிக்கொண்டேன். மடிப்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அதை அழிக்க நானாவிடம் ஏதோ பூச்சு இருந்தது. வேண்டாம் என்றேன். பூஞ்சணத்தை மட்டும் பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

பஸ்ஸில் வரும்போதே இருட்டிவிட்டது. பல்லேகலை தாண்டி இறங்கி வீட்டுக்கு வந்து, அதே ஆணியில் மாட்டினேன். சட்டம் பெரிதாகிவிட்டதால் படத்தின் கீழ்விளிம்பு அம்மாவின் கண்மட்டத்துக்கு வந்தது. உரோமையையும் கிரேத்தாவையும் பற்றி நான் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அம்மா கிட்டே வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெள்ளைக் கோட்டுக்குக் கீழே இருந்ததைப் பார்த்தார். தொங்கிய அந்தச் செருப்பைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு விரலால் தொட்டார்.

"ஐயோ, பிள்ள பயந்து ஓடி வந்திருக்கு" என்றார்.

பிறகு விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.